பட்டறைக்கு வெளியே கிடைக்காத சொற்கள்

ஆணியின்றி மரத்தை மரத்தோடு பூட்டும் ஜப்பானியத் தச்சுக்கலை இன்று உலகெங்கும் போற்றப்படுகிறது. மரக் கட்டடங்களைப் பேணும் 17 ஜப்பானியத் திறன்களை யுனெஸ்கோ 2020-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொருத்துகளின் வடிவம் குறித்து நூல்களும் படங்களும் ஏராளம். அவற்றைக் கற்கும் முறை குறித்த பேச்சுதான் குறைவு. மொழியியலாளர் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவதை.

ஹோர்யூஜி கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகஸு (1908–1995), தம்மிடம் வந்து சேர்ந்த ஒகாவா மிட்சுவோவுக்குப் பாடம் நடத்தவில்லை. இழைப்புளியால் ஒரு சீவலை எடுத்துக் காட்டி, இதுபோல் வர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மாணவர் கருவி தீட்டுவதிலேயே நெடுங்காலம் செலவிட்டார். இதைக் குருபக்திக் கதையாகப் படிப்பது சோம்பலான வாசிப்பு. துளை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது மரத்துக்கு மரம் மாறும். கை ஒருமுறை தவறிய பிறகே ஆசான் சொல்லும் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்புவதும் (கடைசியாக 2013-இல்) இதற்குத் துணைசெய்கிறது. ஒரு சுற்றில் எடுபிடியாக நின்றவர் அடுத்த சுற்றில் உளி பிடிக்கிறார்.

இனி, கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்தது முதல், வடார்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் உழைத்தன. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையைத் தாங்கியவற்றுள் மரமும் ஒன்று. இருபுறமும் கால்மரம், மேலே குறுக்குமரம், பாறைக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு. பார்வைக்கு எளிய அமைப்புதான். ஆனால் குறுக்குமரம் கால்மரத்தின் மேல் சமமாக உட்காராவிட்டால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து மரம் பிளக்கும். ஆப்பை எங்கே, எவ்வளவு அடிப்பது, அழுத்தத்தில் மரம் முனகினால் எப்போது வெளியேறுவது என்பனவற்றை மூத்தவர் பக்கத்தில் நின்றே கற்க முடியும். பாறை வெடிப்புக்குப் பெயர்போன சுரங்கத்தில் இந்தக் கல்வியின் தேர்வு எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

பாறையின் இயல்பை ஆராய ஒரு தேசிய நிறுவனம் 1988-இல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. மரம் நிறுத்தியவரின் அறிவுக்கு அப்படியொரு கூடம் அமையவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, கற்பிக்கும் இடமே போயிற்று. கோயில் கட்டுபவர் ஆசான், சுரங்கத்தில் மரம் நிறுத்துபவர் கூலி என்ற பிரிவினை இங்கே வேலை செய்கிறது. நிலத்தடித் தொழிலாளருள் பெரும்பாலோர் தலித்துகள் என்பதை மறந்துவிட்டு இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள இயலாது. மரபு எது என்று தீர்மானிக்கும் குழுக்கள் தூண்களைப் பார்க்கின்றன, முட்டுகளைப் பார்ப்பதில்லை.

தொழிற்சொல் தொகுப்புக்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்குத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதியை, வேளாண்மை குறித்து, 1962-இலேயே வெளியிட்டார். தமிழ்த் துறைகளும் தங்கவயலுக்குச் செல்லலாம், செல்லவும் வேண்டும். ஆனால் வினாநிரலோடு திண்ணையில் உட்கார்ந்தால் ஆப்பு, காடி, நாக்கு என்று பெயர்ச்சொற்கள்தாம் வரும். ‘உட்காருகிறது’, ‘பிடிக்கிறது’, ‘முறுக்கிக்கொண்டது’ ஆகிய வினைகள் எந்த மரத்துக்கு, எந்தக் கணத்தில் பொருந்தும் என்பது வேலை நடக்கும்போதுதான் வெளிப்படும். அதிலும், தவறு செய்யும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். திருத்தும்போதுதான் ஆசான் வாய் திறக்கிறார்.

ஆகவே களப்பணிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு நான்கு மரத்துண்டுகளும் ஒரு வாளும் வாய்ச்சியும் செல்லட்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவர் தம் பேரனுக்கு ஒரு முட்டு நிறுத்தக் கற்றுக்கொடுக்கட்டும். ஆய்வேட்டின் முறையியல் இயலில் இதற்கு இடமில்லை என்று சொல்லும் நெறியாளர்கள் இருப்பார்கள். சொல்லப்போனால் மாற வேண்டியது அந்த இயல்தான். சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து ஆகிவிட்டது. அவர்களில் பலரால் இன்னும் உளியைத் தூக்க முடியும்.