பெயின்ட் மாத்தினா விமானம் மாறிடுமா?

வாகைக்குளத்துக்கு இறங்குற விமானத்தைப் பார்த்தா அண்ணாந்து நிக்கிற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்.

1965, 1971 போர்களில் பேர் வாங்கிய குட்டிப் போர் விமானம் நாட். அதை ஹெச்.ஏ.எல். மேம்படுத்தி 1970-களில் செய்ததுதான் அஜீத். சிமுலேட்டரில் நாட் மாடலுக்கு வேற பெயின்ட் அடிச்சு 'அஜீத்'னு பேர் வெச்சா போதுமா? போதாது.

நாட்டில் கூடுதல் எரிபொருள் டேங்க் இறக்கைக்குக் கீழே தொங்கும். அஜீத்தில் எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்தார்கள். கீழே இருந்த இடம் ஆயுதங்களுக்குக் கிடைத்தது. எடை உட்காரும் இடம் மாறினா ஈர்ப்பு மையமும் நிலைமத் திருப்புத்திறனும் மாறும். வெளி டேங்க் இல்லைன்னா காற்றுத் தடையும் குறையும். அப்புறம் ரெண்டும் எப்படி ஒரே மாதிரி பறக்கும்?

ஃப்ளைட்கியர் இலவசம். அதன் ஜேஎஸ்பிசிம்மில் இந்த எண்களை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் நாமே எழுதலாம். பரீட்சையோட மறந்துபோற மெக்கானிக்ஸ் அங்கே உயிரோட பறக்கும்.

1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல்ஜித் சிங் செகோன் உயிரைக் கொடுத்தது நாட்டில்தான். விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்த விமானத்தைச் செய்யப்போறீங்கன்னா, பெயின்டை கடைசியா அடிங்க. முதல்ல கணக்கைப் போடுங்க.