கோணல் வீட்டை நேராகக் கட்டியவர்கள்



"வெளிநாடு போயிட்டு வந்திருக்கே, மலருக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, கொஞ்சம் யோசித்தேன். பயணக் கட்டுரை எழுதினால் 'பீத்திக்கிறான்' என்பீர்கள். எழுதாவிட்டால் 'போயிட்டு வந்து வாயே திறக்கல' என்பீர்கள். எப்படியும் திட்டு நிச்சயம். ஆகவே, அங்கே ஒரே ஒரு நாள் ஓர் இடத்தைச் சுற்றியபோது என் மண்டையில் உறைத்த ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். சரியா தவறா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் சித்தப்பா நெதர்லாந்து நாட்டில், ஐன்ட்ஹோவன் நகரில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்குக் கூப்பிட்டிருந்தார். "தம்பி, இங்க வந்துட்டு எஃப்டெலிங் பாக்காம போகக்கூடாது" என்றார். என்ன அது என்று கேட்டால், பொழுதுபோக்குப் பூங்காவாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு ஒரு தொழிற்சாலையைக் காட்டாமல் ராட்டினத்தைக் காட்டுகிறாரே! சித்தப்பா மகள் ஏழு வயதுக்காரி. அவளுக்குத் துணையாகப் போவோம் என்றுதான் கிளம்பினேன்.

தில்பர்க் வரை ரயில், அங்கிருந்து பஸ். காட்ஸ்ஹூவல் என்கிற சின்ன ஊர். ஒரு காலத்தில் செருப்பு, ஷூ தைப்பதுதான் அந்த வட்டாரத்தின் தொழில். 1930களில் ஊர்ப் பாதிரியார்கள் இளைஞர்களுக்காக அங்கே ஒரு விளையாட்டுத் திடலை உண்டாக்கினார்கள். 1950-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1952-ல் அந்தத் திடலை ஒட்டிய காட்டுக்குள் பத்தே பத்து தேவதைக் கதைகளைக் கட்டடமாகவும் பொம்மையாகவும் செய்து வைத்துத் திறந்தார்கள். இன்று ஆண்டுக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அறக்கட்டளைதான் இன்றும் உரிமையாளர்.

அந்தப் பத்துக் கதைகளை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஆன்டன் பீக் ஓவியர். படம் வரைந்து கொடுத்தார். பீட்டர் ரெய்ன்டர்ஸ் பொம்மைகளை ஆட வைக்கும் நுட்பத்தைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் கற்பனை, ஒருவர் இயந்திரம். நம் பாஷையில் சொன்னால் ஒருவர் டிராயிங் ஹால், ஒருவர் ஒர்க்‌ஷாப்.

பீக் வரைந்த வீடு ஒன்றுகூட நேராக இருக்காது. கூரை ஒரு பக்கம் தொய்ந்திருக்கும். புகைபோக்கி சாய்ந்து நிற்கும். ஜன்னல் சட்டம் கோணிக்கொண்டிருக்கும். நூறு வருஷம் மழையில் நனைந்த வீடு போலத் தோன்றும். பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். நிஜச் செங்கல், நிஜ மரம், நிஜ ஓடு. அட்டையில் பெயின்ட் அடித்த ஏமாற்று வேலை இல்லை. பீக் உண்மையான பொருளில்தான் கட்டவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர்.

இங்கேதான் நண்பர்களே, எனக்கு முதல் அடி விழுந்தது. நேரான சுவரைக் கட்ட ஒரு தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் போதும். கோணலான கூரையை மழைத்தண்ணீர் ஒழுகாமல், எழுபது வருஷம் விழாமல் கட்ட எவ்வளவு கணக்கு வேண்டும்? ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு கோணம். பார்க்கிறவனுக்குத்தான் அது கோணல். கட்டியவனுக்கு அது மில்லிமீட்டர் சுத்தம்!

அந்தக் காட்டில் நெடுங்கழுத்தன் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று அவன் கழுத்து மேலே மேலே நீள்கிறது. குழந்தைகள் 'ஓ'வென்று கத்துகிறார்கள். 1952 முதல் அவனுக்கு அதே வேலைதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவான்! எண்ணெய் போட்டு, தேய்ந்ததை மாற்றி, மேல்தோல் கிழியாமல் பார்த்துக்கொள்ள யாரோ ஒரு ஃபிட்டர் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? குழந்தைகள் கழுத்தைப் பார்த்தார்கள். நான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஃபிட்டரை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே குப்பைத்தொட்டி பேசுகிறது! ஹொல்லே பொல்லே ஹைஸ் என்று ஒரு குண்டன், வாயைப் பிளந்தபடி உட்கார்ந்து "காகிதம் இங்கே, காகிதம் இங்கே" என்று டச்சு மொழியில் கெஞ்சுகிறான். வாயருகே காகிதத்தை நீட்டினால் உள்ளேயிருக்கும் உறிஞ்சும் காற்று 'சர்க்'கென்று இழுத்துக்கொள்கிறது. உடனே நன்றி சொல்கிறான். எங்கள் தங்கச்சி தன் கையிலிருந்த காகிதம் தீர்ந்ததும், "அண்ணா, இன்னும் இருந்தா குடுங்க" என்று என் சட்டைப் பையைத் துழாவினாள். பிறகு கீழே கிடந்ததையும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். 'குப்பை போடாதீர்' என்று பலகை எழுதி மாட்டுவது ஒரு வழி. குப்பை போட ஆசைப்படும்படி செய்வது இன்னொரு வழி. ஒரு உறிஞ்சு குழாயும் ஒரு ஒலிபெருக்கியும் நூறு பலகை செய்யாத வேலையைச் செய்கின்றன. அழகும் பயனும் வேறு வேறு என்று யார் சொன்னது?

சவாரிகளுக்கு வருகிறேன். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1996-ல் திறந்த வில்லா வோல்டா. பழைய மாளிகை, சாபம் பிடித்த ஒரு கொள்ளைக்காரத் தலைவனின் வீடு என்று கதை சொல்கிறார்கள். எதிரெதிரே பெஞ்சு வரிசை. உட்கார்ந்ததும் கம்பி இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. அறை ஆட ஆரம்பிக்கிறது. சில நொடியில் நான் தலைகீழாகத் தொங்குகிறேன்! தரை தலைக்கு மேலே, கூரை காலுக்குக் கீழே. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு "ஐயோ சித்தப்பா" என்று கத்தியே விட்டேன். ஆனால் என் சட்டைப் பையிலிருந்த பேனா விழவே இல்லை. அப்போதுதான் உறைத்தது: நான் தலைகீழாகப் போகவே இல்லை! பெஞ்சு சற்றே அப்படியும் இப்படியும் ஆடுகிறது, அவ்வளவுதான். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த அந்த அறைதான் ஒரு பெரிய டிரம் போல நம்மைச் சுற்றி முழுச்சுற்று சுற்றுகிறது. கண் 'கவிழ்ந்தோம்' என்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது, கண்தான் ஜெயிக்கிறது. இந்தத் தந்திரம் 1890களிலேயே அமெரிக்கப் பொருட்காட்சியில் இருந்ததுதான். ஆனால் ஒரு கதையையும் ஒரு மாளிகையையும் அதைச் சுற்றிக் கட்டியதால்தான், மெக்கானிக்கல் படிக்கிறவனே ஏமாந்தான்.

இரண்டாவது, 2015-ல் திறந்த பாரோன் 1898. தங்கச் சுரங்கம் என்பது கதை. ரயிலில் உட்கார வைத்து உச்சிக்கு இழுத்துப் போய், விளிம்பில் சில நொடி அப்படியே தொங்க விடுகிறார்கள். கீழே தரையில் ஒரு சுரங்கக் குழி, பனிப்புகையோடு. பிறகு 37.5 மீட்டர், ஏறத்தாழ செங்குத்தாக விழுகிறோம், பூமிக்குள்ளேயே! அன்று ராத்திரி சித்தப்பா வீட்டில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நமக்குத் தெரிந்த சூத்திரம்தானே: வேகத்தின் வர்க்கம், 2 பெருக்கல் g பெருக்கல் உயரம். நொடிக்கு 27 மீட்டர் வந்தது. அதாவது மணிக்கு சுமார் 98 கிலோமீட்டர். பூங்கா சொல்லும் வேகம் 90. மீதி எங்கே போச்சு? சக்கர உராய்வு, காற்றுத் தடை, ரயிலின் நீளம் முழுதும் ஒரே நேரத்தில் உச்சியில் இருப்பதில்லை என்பது. முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிய சூத்திரம், வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்க எனக்கு அன்றுதான் புரிந்தது!

ஆனால் நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றி அல்ல. ரயில் கிளம்பும் முன், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் ஒவ்வொருவரின் பிடிப்புக் கம்பியையும் கையால் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். பூட்டியது பூட்டாதது மெஷினுக்கே தெரியும். பூட்டாவிட்டால் ரயில் நகராது. இருந்தும் கை போகிறது. ஒருவரையும் விடவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. எனக்கு எங்கள் ஊர்த் திருவிழா ராட்டினம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நான் ஏறிய பெட்டியில் குறுக்குக் கம்பி இல்லை. கயிறு கட்டியிருந்தான். "கெட்டியா புடிச்சுக்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அங்கேயும் எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. 'கனவுப் பறப்பு' என்று ஒரு சவாரி. தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து தேவதைகளின் காட்டுக்குள் மிதந்து போகலாம். அதைப் பூங்காவின் 40-ஆம் ஆண்டான 1992-ல் திறக்கவேண்டும் என்று திட்டம். இயந்திரம் ஒழுங்காக ஓடவில்லை. விழா போனாலும் போகட்டும் என்று தள்ளிவைத்து 1993-ல்தான் திறந்தார்கள். பைத்தான் என்ற இரும்பு ரோலர் கோஸ்டர் 1981-லிருந்து ஓடியது. வயதானதும் பெயின்ட் அடித்து மூடாமல், 2018-ல் தண்டவாளத்தின் பெரும்பகுதியைக் கழற்றி, அதே வடிவத்தில் புதிதாகப் போட்டார்கள். ஏறுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாத வேலைக்குத்தான் அத்தனை செலவு!

இப்போது ஒரு பாவமன்னிப்பு. ஃபிட்டிங் ஷாப்பில் நம்ம எல்லோரும் 'வி' பொருத்தம் செய்திருக்கிறோம். எனக்குப் பொருந்தவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி பல்லிளித்தது. நான் என்ன செய்தேன்? அரத்தூளையும் கிரீஸையும் குழைத்து இடைவெளியில் அப்பி, மேலே துணியால் துடைத்து வைத்துவிட்டேன். நல்ல மார்க் வந்தது. "மச்சி, கில்லாடிடா நீ" என்று பாராட்டு வேறு! இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் இப்போது சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோணல் கூரையின் கீழே நின்றபோது எனக்கு அந்த 'வி' துண்டுதான் கண்முன் வந்தது. பொம்மை வீட்டுக்கே அவர்கள் நிஜச் செங்கல் வைத்தார்கள். நான் நிஜ இரும்புக்கே கிரீஸ் வைத்தேன்!

"அவங்ககிட்ட காசு இருக்கு, செய்யறாங்க" என்று நண்பன் ஒருவன் வாதாடினான். ஓரளவு நியாயம்தான். நுழைவுக் கட்டணத்தைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். ஒவ்வொரு சவாரிக்கும் கால் கடுக்க வரிசையில் நிற்கவும் வேண்டும். ஆனால் அரத்தைப் பத்து முறை கூடுதலாக இழுக்க எனக்கு என்ன காசு வேண்டியிருந்தது? கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு என்ன செலவு? "பாலம், அணை கட்டவேண்டிய நாட்டில் விளையாட்டுக்கு எதுக்குடா இவ்வளவு?" என்றான் இன்னொருவன். விளையாட்டிலேயே இத்தனை ஒழுங்கு என்றால், பாலத்தில் எத்தனை வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

மாலையில் ஒரு சவாரி கொஞ்ச நேரம் நின்றது. கருவிப் பையோடு ஒருவர் வந்தார், பார்த்தார், சரிசெய்தார். போகும்போது சித்தப்பா அவரிடம் டச்சில் என்னைக் காட்டி, "மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறான்" என்றார். அவரும் தொழில்கல்விப் பள்ளியில் படித்தவர்தானாம். சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். கையெல்லாம் கிரீஸ். என் கையிலும் ஒட்டியது. தப்பை மறைக்கும் கிரீஸ் அல்ல, வேலை செய்த கிரீஸ்.

'வெறும் டிப்ளமோ தானே' என்று வெளியே யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் 'வெறும் ஒர்க்‌ஷாப் ஜாப் தானே, போதும்டா' என்று நாமே சொல்லும்போது ஏன் வருவதில்லை? நாளை நாம் இறுக்கும் போல்ட்டை நம்பி யாரோ ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கி உட்கார வைப்பாள். அது ராட்டினமாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம், லிஃப்டாக இருக்கலாம். நம் மார்க் ஷீட்டை அவள் பார்க்கப்போவதில்லை. 'ஒண்ணும் ஆகாது' என்று நம்பித்தான் உட்கார வைப்பாள்.

இந்த வருஷம் என் ஜாப்பில் கிரீஸ் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்க் குறைந்தால் குறையட்டும்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், நண்பர்களே?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்