பத்தரைக்கு கோர்ட், முந்தின ராத்திரி எங்கே?

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய தம்பியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வரவேண்டியிருந்தது. அவருடைய மகனை அடித்துக் காலை முறித்தவர்களுக்குச் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்திருந்தது. அவர்கள் மேல்முறையீடு போட்டிருந்தார்கள். பத்தரைக்கு கோர்ட் என்பதால் முந்தின நாளே வந்துவிடுங்கள் என்று நாங்கள்தான் சொன்னோம்.

ராத்திரி எட்டரை மணிக்கு எழும்பூரில் ஒரு லாட்ஜில் நின்றோம். மத்தியானம் போன் செய்தபோது ரூம் இருக்கிறது, எண்ணூறு ரூபாய் என்று சொன்ன இடம். மேனேஜர் ஆதார் அட்டையை வாங்கினார். பெயரைப் பார்த்தார். திருப்பி முகவரியைப் படித்தார். அதில் "காலனித் தெரு" என்று இருந்தது.

"என்ன வேலையா வந்திருக்கீங்கம்மா?"

"கோர்ட்டுக்குங்க."

"என்ன கேஸு?"

அந்த அம்மாவுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. சொல்லிவிட்டார். அட்டை திரும்பி வந்தது. ரூம் இப்போதுதான் வேறு ஒரு பார்ட்டிக்குப் போய்விட்டதாம். பக்கத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

பக்கத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் நிஜமாகவே ரூம் இல்லை. இன்னொரு இடத்தில் ஆயிரத்து நானூறு, வரி தனி. கடைசியில் வியாசர்பாடியில் ஒரு தோழர் வீட்டுக்குப் போனோம். ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீடு. தோழர் வெளியே திண்ணையில் படுத்துக்கொண்டார். காலையில் அந்த அம்மா எங்களிடம் சொன்னது: "ஸ்டேஷன்லயே படுத்திருப்போம் தம்பி. யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது."

அது சாதிதானா என்று படிக்கும் தோழர்கள் கேட்கலாம். நாங்களும் அன்று ராத்திரி அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நேர்மையாகச் சொன்னால், அந்த மேனேஜரின் மனதில் என்ன இருந்தது என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியாது. கேஸ் என்றாலே போலீஸ் வரும் என்கிற பயமாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முகவரியைப் படிக்கும் வரை அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நகரத்தில் சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள், ஊரை விட்டு வரும்போது சேரியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம் என்று நினைக்கிறார்கள். அது அட்டையிலேயே அச்சாகி நம்மோடு வருகிறது. "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம். அதற்குள் அச்சான அட்டைகள் பலருடைய பையில் இருக்கின்றன. சொல் போனாலும் தெருவின் பெயர் "அம்பேத்கர் நகர்" என்று இருந்தால் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள்.

சட்டம் இதற்கெல்லாம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4-ஆவது பிரிவில் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. 12-ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. சமூகப் பணி படிக்கும் மாணவர்களில் பலருக்கு இந்தப் பிரிவு தெரிவதில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு, மறுநாள் கோர்ட்டை வைத்துக்கொண்டு, ஒரு லாட்ஜ் மேனேஜர் மேல் புகார் கொடுக்க யார் காவல் நிலையத்துக்குப் போவார்கள்? ஒரு கேஸுக்கே தங்க இடம் இல்லாதவர்களிடம் இரண்டாவது கேஸ் போடு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நமது இயக்கங்கள் இதுவரை பெரிதாகப் பேசாத இடம் ஒன்று இருக்கிறது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த 15ஏ பிரிவு, ஜாமீன் உட்பட எந்த நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும், அவர் பேசுவதைக் கேட்கவேண்டும் என்கிறது. கேட்காமல் கொடுத்த ஜாமீனை ஹரிராம் பாம்பி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போராடி வாங்கிய உரிமை இது. அதே திருத்தத்தில் வந்த 14ஏ பிரிவின்படி ஜாமீன் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. தென் மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. மற்றவர்கள் பாரிமுனைக்குத்தான் வரவேண்டும்.

வருவதற்கான செலவை யார் கொடுப்பது? 1995-ஆம் ஆண்டு விதிகளில் 11-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். போகவர ரயில் அல்லது பேருந்துக் கட்டணம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புத் தொகை, சாப்பாட்டுச் செலவு, பெண்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் துணைக்கு ஒரு ஆள், எல்லாம் இருக்கிறது. மூன்று நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கெடுவும் இருக்கிறது. தங்குவதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று, விதி விசாரணை நடக்கும் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சட்டத்தின் 15ஏ-வும் செலவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் புலனாய்வு, விசாரணை என்றுதான் எழுதியிருக்கிறது. மேல்முறையீடு என்ற சொல்லே அங்கு இல்லை. கலெக்டர் ஆபீஸில் கேட்டால் அந்த இடைவெளியைக் காட்டி ஃபைலை மூடிவிடுகிறார்கள். உன் பேச்சைக் கேட்கிறோம் வா என்று கூப்பிடும் சட்டம், வந்தவர் ராத்திரி எங்கே படுப்பார் என்று யோசிக்கவில்லை. எங்கள் வாதம் இதுதான்: நகரத்தின் நடுவில் ஒரு ராத்திரிக்கான படுக்கை, கேட்கப்படும் உரிமையின் ஒரு பகுதி. அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

வக்கீல் போதாதா, ஆள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அரசுத் தரப்பு வக்கீலிடம் ஊரில் இப்போதும் நடக்கும் மிரட்டலைப் பற்றி நேரில் சொன்னால் ஒரு மாதிரி இருக்கும், பேப்பரில் போனால் வேறு மாதிரி இருக்கும். கோர்ட் வராந்தாவில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இது தெரியும். பாதிக்கப்பட்டவர் வராத அன்று எதிர்த்தரப்பின் முகத்தில் வரும் தெம்பையும் பார்த்திருக்கிறோம்.

காலையில் வந்து இறங்கினால் என்ன என்று இன்னொரு கேள்வி. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். முன்பு கோயம்பேட்டில் இறங்கி ஒரு டவுன் பஸ் பிடித்தால் பாரிமுனை வந்துவிடும். இப்போது விடியற்காலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இறங்கி, அங்கிருந்து கிளம்ப வேண்டும். குளிக்கவும் துணி மாற்றவும் ஒரு இடம் வேண்டும். மாதவிடாய் நாளில் வரும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் குழுவின் பெண் தோழர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களின் ஓய்வறைகளுக்குப் பொதுவாக உறுதியான ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் கேட்பார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மாத வாடகைக்கு இருக்கும் ஆண்களின் உலகம். ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு 2022 ஜூலை 18 வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அன்றிலிருந்து 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. குறைத்ததற்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். பூஜ்யமாக இருந்ததை மறந்துவிட வேண்டுமாம்.

அப்படியானால் நம் ஆட்கள் இத்தனை வருடம் எப்படித்தான் தங்கினார்கள்? சைதாப்பேட்டை எம்.சி. ராஜா ஹாஸ்டலில் தெரிந்த தம்பியின் அறையில், பாயில் மூன்றாவது ஆளாக. எங்களில் பலருக்குச் சென்னை அறிமுகமானதே அந்த அறைகளில்தான். வார்டன் வரும் நேரம் மொட்டை மாடிக்குப் போன கதைகள் ஆளுக்கு ஒன்று உண்டு. ஆனால் அது ஆண் பிள்ளைகளின் ஏற்பாடு. அறுபது வயது அம்மாவை அங்கே கூட்டிப்போக முடியாது.

இன்னொரு வழி எம்.எல்.ஏ. ஹாஸ்டல், அல்லது கட்சிக்காரர் ஒருவர் போட்டுத் தரும் ரூம். இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசவேண்டும். ரூம் சும்மா வருவதில்லை. சாவி கொடுத்தவர் ராத்திரி சாப்பாடு வாங்கிக்கொண்டு வருவார். உட்கார்ந்து பேசுவார். "ரெண்டு பக்கமும் ஊருக்குள்ளதான இருக்கணும்" என்பார். நாங்கள் பார்த்த சமரசங்களில் சில கோர்ட்டிலோ பஞ்சாயத்திலோ நடக்கவில்லை, இப்படிப்பட்ட அறைகளில்தான் நடந்தன. கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் நன்றிக்கடன் பட்டவர் மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லத் தயங்குகிறார். இடைநிலைச் சாதிகள் பலவற்றுக்கு நகரத்தில் சொந்தச் சங்கக் கட்டடம், விடுதி, சத்திரம் இருக்கின்றன. சமூகவியல் வகுப்பில் இதைச் சமூக மூலதனம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் அது ஒரு கருத்தாக இருந்தது. எழும்பூரில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, நம்மிடம் இல்லாத ஒரு சாவியாக இருந்தது.

1917-இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு சமஸ்தானத்து வேலைக்கு வந்தவர், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் வீட்டில் கேட்டார், ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். கூட்டங்களில் இதைச் சொல்லும்போது நாம் அவமானத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவர் அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் திரும்பினார் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். தங்க இடம் இல்லாததால் வேலை போனது. நம் ஆட்களுக்கு வழக்கு போகிறது.

செய்யக்கூடியது பெரிய விஷயமும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வருகிறவர்கள் தங்க மாநகராட்சி காப்பகங்கள் வைத்திருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே தோழி விடுதிகள் நடத்துகிறது. உயர் நீதிமன்றத்துக்கு நடந்து வரும் தூரத்தில், வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் இருபது படுக்கைகளோடு ஒரு விடுதி திறக்க ஆதிதிராவிடர் நலத்துறையால் முடியாதா? பெண்களுக்குத் தனிப் பகுதி, சம்மனையோ வழக்கு எண்ணையோ காட்டினால் அறை, யாருடைய சிபாரிசும் வேண்டாம். அதுவரை 11-ஆவது விதியின்படி கொடுக்கும் தொகையில் தங்கும் செலவையும் மேல்முறையீட்டு நாட்களையும் சேர்த்து அரசாணை போடலாம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக்களில் இருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வையுங்கள். வாயால் சொன்னால் மினிட்ஸில் வராது.

மாணவத் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மண்ணடி, பெரியமேடு, எழும்பூர் பகுதிகளில் கேள்வி கேட்காமல் அறை கொடுத்த இடங்கள், வாடகை, வெந்நீர் உண்டா, பெண்கள் தனியாகத் தங்க முடியுமா என்று எழுதி வைத்திருக்கிறோம். இப்போது ஒன்றரைப் பக்கம்தான் ஆகியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததைச் சேருங்கள். எங்காவது திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, போனில் பேசியபோது என்ன சொன்னார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். அழைப்பு விவரத்தைப் படம் பிடித்து வையுங்கள். 12-ஆவது பிரிவைப் பயன்படுத்தும் நாள் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

அந்த மேல்முறையீடு அன்று விசாரணைக்கு வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போனது. அம்மா மறுபடியும் வரவேண்டும். வியாசர்பாடித் தோழர் வரட்டும் என்கிறார். அவருடைய மகளுக்கு அந்த வாரம் பரீட்சை.