இலவசம்னு சொன்னா திகதியைக் கேளுங்க

லிந்துலையில டியூசன் வகுப்பு நடத்துறவங்க, கேக் செஞ்சு விக்கிறவங்க, நுவரெலியா பார்க்க வர்றவங்களுக்கு வேன் ஓட்டுறவங்க எல்லாருக்கும் ஒரு பிரச்சினை பொது. யார் என்ன கேட்டாங்க, யார் இன்னும் காசு தரணும், யாரைத் திரும்பக் கூப்பிடணும் என்ற விவரமெல்லாம் பாதி கொப்பியிலயும் பாதி வாட்ஸ்அப்லயும் சிதறிக் கிடக்கு. இதை ஒரே இடத்தில் வைக்கிற மென்பொருளைத்தான் சி.ஆர்.எம். என்கிறோம். தமிழில் வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம்.

எதைத் தெரிவு செய்யலாம்னு இணையத்தில் தேடினா, 'சிறந்த பத்து இலவச சி.ஆர்.எம்.' மாதிரி பட்டியல்கள்தான் முன்னுக்கு வரும். யார் எழுதினதுன்னு கீழே போய்ப் பாருங்க. பல நேரம் அந்தப் பத்தில் ஒன்றை விக்கிற கம்பெனியே எழுதியிருக்கும்.

அதோட, இலவசம் வேற, திறந்த மூலம் வேற. சென்னையில் வளர்ந்த சோஹோவின் சி.ஆர்.எம்.மை மூணு பேர் வரைக்கும் காசில்லாமல் பாவிக்கலாம். ஆனா அதன் நிரல் நம்ம கைக்கு வராது.

பொய் சொல்லாத பட்டியலும் நம்மை ஏமாத்தலாம். சுகர் சி.ஆர்.எம். 2004இல் திறந்த மூலமாக வந்தது. அதன் நிரலை எடுத்துத்தான், சோஹோவின் பழைய பெயரான அட்வென்ட்நெட், வீடைகர் என்ற இன்னொரு மென்பொருளைத் தொடங்கியது. பத்து வருசம் கழிச்சு, புதிய திறந்த பதிப்பு இனி இல்லைன்னு சுகர் அறிவிச்சது. அதிலிருந்து பிரிஞ்ச சூட் சி.ஆர்.எம். இன்னும் திறந்தே இருக்கு. ஆக, 2012இல் 'சுகர் திறந்த மூலம்' என்று எழுதினவர் உண்மையைத்தான் எழுதினார். இன்றைக்கு அதை நம்பி இறங்கினா நட்டம் நமக்கு.

அதனால் பட்டியலை விட்டுட்டு நேராக மூலத்துக்குப் போங்க. லைசன்ஸ் கோப்பில் ஜி.பி.எல்., ஏ.ஜி.பி.எல். மாதிரி திறந்த உரிமம் இருக்கா? கிட்ஹப்பில் நிரலைக் கடைசியாகத் திருத்தினது எப்போ? பிழை இருக்குன்னு சொன்னவங்களுக்குப் பதில் கிடைச்சிருக்கா? நம்ம வாடிக்கையாளர் பட்டியலை முழுசாக வெளியே எடுக்க முடியுமா?

கடைசிக் கேள்வி நமக்குப் புதுசில்லை. 1921இல் ஒழிக்கப்படும் வரைக்கும் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கடனைக் குறிச்ச அந்தத் துண்டுக் காகிதம் இல்லாமல் தொழிலாளி வேற தோட்டத்துக்குப் போக ஏலாது. நம்ம கணக்கு அடுத்தவர் கையில் மாட்டிக்கிட்டா என்ன நடக்கும்னு நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெரியும்.

"திறந்த மூலம் எல்லாம் பெரிய நாட்டு விசயம்" என்று சொல்றவங்களுக்கு ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினது இலங்கைத் தன்னார்வலர்கள்தான். அடுத்த வருசமே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது உதவிச்சு.

திறந்த மூலத்திலும் செலவு இருக்கு. சர்வருக்குக் காசு, பழுது பார்க்க நேரம் வேணும். அதை விக்கிறவர் சொல்லமாட்டார். பாவிச்சுப் பார்த்தவங்கதான் சொல்லணும். நீங்க ஏதாவது ஒன்றை முயற்சி செஞ்சிருந்தா தமிழில் எழுதுங்க: எந்தப் பதிப்பு, எவ்வளவு டேட்டா போச்சு, எந்த இடத்தில் சிக்கல் வந்தது. மேல திகதி போட மறக்காதீங்க.