விமானம் பார்க்க ஓர் இடம் வேண்டும்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். விமானங்களைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவும் ஒரு நீள லென்சும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு நிற்பதற்கு இந்த நாட்டில் எனக்கு ஓர் இடம் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன ஊர்ப் பக்கத்திலிருந்து விமானத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வானத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். வடக்கே அரக்கோணம். அங்கே 1992இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானதளம், ஐ.என்.எஸ். ராஜாளி. கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. போயிங் 737இன் உடலில் செய்தவை என்பதால், தெரியாதவர்கள் பயணிகள் விமானம் என்றே எண்ணிக்கொள்வார்கள். அவற்றுக்கு முன்பு அங்கே இருந்தவை ரஷ்யாவின் டியு-142. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. 2017 மார்ச்சில் அவை ஓய்வுபெற்றன. அந்த முழக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கிழக்கே மீனம்பாக்கம், சென்னையின் விமான நிலையம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். கோடையில் காலை நேரம் மேல்காற்று வீசும்போது சென்னைக்கு வருகிற விமானங்கள் கடல் பக்கம் சுற்றிப்போய்க் கிழக்கிலிருந்து இறங்கும். உச்சிவேளை தாண்டி கடற்காற்று உள்ளே நுழைந்ததும் ஓடுபாதையின் திசையை மாற்றிவிடுவார்கள். அதன்பின் மேற்கிலிருந்து, எங்கள் பக்கத்து வானத்தின் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கும். நகரத்துக்குள் கடற்காற்று வந்துவிட்டதா என்று முசரவாக்கத்து மொட்டை மாடியில் நின்றே சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர்களே மணியைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வருகிறார்கள்.

படம் எடுப்பதில் உள்ள நுட்பம் ஒன்றையும் சொல்ல ஆசை. சென்னையிலிருந்து சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற ஏ.டி.ஆர். 72 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் விசிறி. வேகமாகப் போகிற பொருளாயிற்றே என்று ஷட்டரை நொடியில் 2000இல் ஒரு பங்கு வைத்தால் படம் துல்லியமாக வரும். ஆனால் விசிறி அப்படியே உறைந்து, விமானம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போலத் தெரியும். 125இல் ஒரு பங்குக்கு இறக்கினால்தான் விசிறி வட்டமாகக் கரைந்து, பறக்கிற பொருள் பறப்பதாகத் தெரியும். அந்த வேகத்தில் கை ஆடாமல், விமானத்தோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறலாம். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து கிளம்பும் கானலில் அதுவும் தேறாது. இறக்கையின் விளிம்பு தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். அதனால் காலை வெளிச்சத்தில், ஓடுபாதைக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு விமான நிலையத்தின் மதிலுக்கு வெளியே, டீக்கடையும் பேருந்து நிறுத்தமும் உள்ள பொதுச் சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காவலர் ஒருவர் வந்தார். அடையாள அட்டையைக் காட்டினேன். எந்த விதிப்படி தவறு என்று பணிவாகத்தான் கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அதெல்லாம் எடுக்கக் கூடாது, அழிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். அன்று காலை எடுத்த அத்தனை படங்களையும் அவர் கண்முன்னே அழித்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எது கூடும், எது கூடாது என்று அவருக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

எழுதி வைத்திருப்பது 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 13ஆம் விதி. அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துமூல அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது அது. கேமரா வைத்திருப்பவரே அரிதாக இருந்த, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து விதி. மதிலுக்கு வெளியே உள்ள சாலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பயணிகள் விமானத்துக்குள் படம் எடுப்பது பற்றிக் குழப்பம் வந்தபோது 2020 செப்டம்பரில் உங்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உடனே விளக்கம் கொடுத்தது. ஜன்னல் ஓரத்துப் பயணிக்குக் கிடைத்த தெளிவு தரையில் நிற்கிறவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாய்ச் சட்டமே மாறிய பிறகு இந்த விதியையும் எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் ஊருக்கு மேலேயே பறந்தாலும் ராஜாளியின் விமானங்களை நான் படம் எடுப்பதில்லை. 2025 மே மாதம் ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையை மூடிவைக்கச் சொன்னீர்கள். அது சரியான உத்தரவு. ஆனால் பயணிகள் விமானத்தில் மறைக்க என்ன இருக்கிறது? அது எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், என்ன வேகம், எந்த எண் என்பதையெல்லாம் அந்த விமானமே 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஊரறிய ஒலிபரப்பிக்கொண்டு போகிறது. கைப்பேசி வைத்திருக்கிற யாரும் அதைப் பார்க்கலாம். ஓடுபாதையின் படம் செயற்கைக்கோள் வரைபடத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. இவ்வளவும் திறந்து கிடக்கும்போது, அதன் வால் நிறத்தையும் இறக்கை வளைவையும் விரும்பிப் படம் எடுப்பவனை மட்டும் சந்தேகிப்பதில் நியாயம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 171ஆம் விமானம் புறப்பட்ட சில நொடிகளில் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்தக் கடைசி நொடிகளை உலகத்துக்குக் காட்டிய காணொளி, விமானம் பார்க்கும் ஆசையில் மொட்டை மாடியில் கைப்பேசியோடு நின்ற ஒரு பள்ளி வயதுப் பையன் எடுத்தது. எஞ்சின் சக்தி போனால் வெளியே இறங்கும் அவசரக் காற்றாடி இறங்கியிருந்ததா என்று விமானிகளும் பொறியாளர்களும் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். காவல்துறை அவனைச் சாட்சியாக விசாரித்தது. அந்த வயதில் அப்படி ஒரு காட்சியைக் கண்ட பிள்ளையை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. ஓடுபாதைப் பக்கம் ஆர்வத்தோடு பார்க்கிற கண்கள் இருப்பது உங்கள் துறைக்கு நன்மைதான்.

அரசு நினைத்தால் இப்படிப்பட்ட தடையை நீக்க முடியும் என்பதற்கு எங்கள் காஞ்சியிலேயே சான்று இருக்கிறது. கைலாசநாதர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அந்தத் துறையின் நினைவுச் சின்னங்களில் படம் எடுப்பதற்கு இருந்த தடையை 2018 ஜூலையில் நீக்கினார்கள். அஜந்தா ஓவியங்கள், லே அரண்மனை, தாஜ்மகாலின் உட்கல்லறை ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. எங்கே கூடாது என்று பெயர் சொல்லிவிட்டார்கள். அதனால் மற்ற இடங்களில் கூடும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இன்று பல்லவர் சிற்பங்களை யாரும் பயமில்லாமல் படம் எடுக்கிறார்கள்.

விமானம் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதும் இல்லை. 1910இல் மதராஸ் தீவுத்திடலில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தம் விமானத்தைப் பறக்கவிட்டபோது ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள். வெளிநாடுகளில் அந்த ஆசைக்கு இடமே கொடுத்திருக்கிறார்கள். டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் முனையத்தின் மேலேயே திறந்த மாடம் இருக்கிறது. மியூனிக்கில் இதற்கென்றே மேடு எழுப்பியிருக்கிறார்கள். மான்செஸ்டரில் ஓடுபாதை ஓரத்தில் பூங்கா அமைத்து, ஒரு கான்கார்டு விமானத்தையும் நிறுத்தி, குடும்பம் குடும்பமாக வரவழைக்கிறார்கள். சென்னை விமான நிலைய வளாகத்தில் 2023இல் ஐந்து திரைகள் கொண்ட திரையரங்கமே திறந்தாயிற்று. அங்கே சினிமா பார்க்க இடம் இருக்கிறது. விமானம் பார்க்க இல்லை. வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பறங்கிமலை மேலே ஏறி, தேவாலயத்தருகே நின்று, தூரத்தில் தெரிகிற ஓடுபாதையைக் கைநீட்டிக் காட்டிக்கொள்கிறார்கள்.

பரந்தூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் என் மண்ணுக்கு நான் உண்மையாக இருந்ததாகாது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் எங்கள் மாவட்டத்தில் பரந்தூரில் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். "உனக்கென்னப்பா, வீட்டு வாசலுக்கே விமானம் வருது" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு நிலத்தை இழக்கவிருக்கும் ஏகனாபுரத்து மக்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அந்த நிலம் வயலும் ஏரியும், பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் உள்ள நிலம். மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததை மறக்க முடியுமா? தண்ணீர் போகும் வழியில் ஓடுபாதை போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு முறை பார்த்தாகிவிட்டது. விமானத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், அடுத்தவர் விளைநிலத்தில் எனக்கு ஒரு பார்வை மாடம் வேண்டாம். என் கோரிக்கை எல்லாம் ஏற்கெனவே இருக்கிற மீனம்பாக்கத்தைப் பற்றியது.

அங்கே ஓடுபாதை தெரிகிற மாதிரி மதிலை ஒட்டி ஒரு மேடை கட்டிக் கொடுங்கள். கம்பி வலையில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் திறப்பு இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் வையுங்கள், அடையாள அட்டை கேளுங்கள், பையைச் சோதியுங்கள், கேமரா எண்ணையும் வேண்டுமானால் பதிவு செய்யுங்கள். கூடவே, பொது இடத்தில் நின்று பயணிகள் விமானத்தைப் படம் எடுப்பது குற்றமில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, தமிழிலும் அச்சிட்டு, எல்லா விமான நிலையக் காவலர்களுக்கும் அனுப்புங்கள். எங்கெங்கே கூடாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் கட்டுப்படுவோம்.

சென்னை விமான நிலையம் தனியாரிடம் இல்லை. உங்கள் துறையின் கீழுள்ள இந்திய விமான நிலைய ஆணையம்தான் அதை நடத்துகிறது. இந்த மேடைக்கு யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்து ஒன்று போதும். தயவுசெய்து போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முசரவாக்கத்திலிருந்து ஒரு விமான ஆர்வலன்