சத்தம் ஒன்று, சாமான் நான்கு!

சிம்மக்கல்லைத் தாண்டி வைகைப் பாலத்தில் ஏறும் பழைய அம்பாஸிடர் ஒன்றின் பின்பக்கத்தில் ஓர் உறுமல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடுகிறார். பேரிங், புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் என நான்கு சாமான்களுக்குச் சீட்டு எழுதப்படுகிறது. நான்கையும் மாற்றிக்கொண்டு திரும்பினால், பாலத்தில் அதே உறுமல்! கோளாறு, ஒரு பக்கமாகத் தேய்ந்த டயரில் இருந்திருக்கிறது.

குற்றம் யாருடையது? மெக்கானிக்கை மட்டும் ஏசுவது நியாயமல்ல. அரை நாள் வண்டிக்கடியில் படுத்துப் பழுதைக் கண்டுபிடித்தால், “பார்த்ததற்கா காசு?” என்று கேட்பவர்கள் நம்மவர்கள். சாமான் மாற்றினால்தான் கூலி என்றால், சாமான்தானே மாற்றுவார்கள்?

உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. நல்ல சாமானைக் கழற்றி எறிவது இனிக் கட்டுப்படியாகாது. இத்தனைக்கும் அதன் பின்பக்கம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வில்வண்டியைப் போலப் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல்தான் அதுவும் நிற்கிறது. கண்ணும் காதும் கையுமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ரோட்டின் தன்மை மாறும்போது சத்தமும் மாறினால் முதலில் டயரைச் சந்தேகிக்க வேண்டும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும். வளைவில் ஒரு பக்கம் பாரம் விழும்போது உறுமல் கூடினால், அந்தப் பக்கத்து பேரிங்கைப் பார்க்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு ஸ்வரம், விடும்போது வேறு ஸ்வரம் என்றால் கிரவுன் பினியனைக் கவனிக்க வேண்டும்.

பள்ளத்தில் விழும்போது மட்டும் ‘டொக்’கென்று கேட்டால் ஷாக்கிள் புஷ்ஷோ ஒடிந்த பட்டையோ காரணமாகலாம். பின்பக்கத்தை அழுத்தி விட்டதும் வண்டி ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். சமதரையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்து பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும்.

இது பணத்தோடு போகிற விஷயமுமல்ல. சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், அது பிரேக்கில் இறங்கி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சோதிக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதிருப்பதும் அவசியம்.

ஆகவே, பட்டறைகள் சோதனைக் கூலியைத் தனியாகக் கேட்கட்டும். சொந்தக்காரர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, சத்தத்தைக் கேட்கச் செய்தபின் ஸ்பானரை எடுக்கச் சொல்லட்டும். வைத்தியர் நாடி பார்ப்பதற்கு மனமுவந்து காசு கொடுக்கும் ஊரில், மெக்கானிக்கின் காதுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?