திரை பதில் பேசாது

"காதில் தமிழ் விழட்டும் என்று பிள்ளைக்குக் கைப்பேசியில் தமிழ்ப் பாட்டு போட்டு விடுகிறோம்" என்று இளம் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வதுண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் கைக்குழந்தைக்கு அது போதாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிஷியா கூல் குழுவினர் செய்த ஆய்வு 2003ல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுவோர் நேரில் அமர்ந்து, புத்தகமும் பொம்மையும் காட்டி, 12 முறை விளையாடினார்கள். வேறு சில குழந்தைகள் அதே ஆட்களை அதே அளவு நேரம் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை மாண்டரினே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தன.

இதனால்தான் ஊரிலிருக்கும் பாட்டியின் காணொளி அழைப்பை நான் கேலிச்சித்திரத்தோடு சேர்ப்பதில்லை. அதுவும் திரைதான், ஆனால் பேரன் சிரித்தால் பாட்டி சிரிப்பார், கேட்டால் பதில் சொல்வார். நேரடிக் காணொளி உரையாடலில் இரண்டு வயதுப் பிள்ளைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றதாகவும், பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை என்றும் 2014ல் ஓர் ஆய்வு காட்டியது.

வேலை முடிந்து வந்த களைப்பில் தனியாக நேரம் எங்கே என்பீர்கள். மின்தூக்கியில் பிள்ளை பொத்தானை நோக்கிக் கை நீட்டுகிறதா? "பன்னிரண்டாவது மாடியா கண்ணு? நீயே அமுக்கு" என்று சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். "ஆ" என்று மட்டும் சொன்னாலும் அது பேச்சுதான். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.